ஃபெராரி, போர்ஷே கார்களின் மவுசு எங்கே கரைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போவதால் அந்தக் கார்களுக்கு இருந்த மவுசு போய்விட்டது என்று உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கட்டுரையாளரின் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆண்டுக்கு எத்தனை கார் என்ற ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வந்திருக்கிறார். இந்த வகைக் கார்களைக் கழற்றி மாட்டுவது எங்கள் தொழில். எண்ணிக்கைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். போர்ஷேயின் எம்96 எஞ்சின் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கும் வாசகர் யாருக்காவது அது பல லட்சம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

ஃபெராரி 2024ஆம் ஆண்டில் உலகம் முழுக்க அனுப்பிய கார்கள் 13,752. அதே ஆண்டில் மாருதி சுஸுகி தயாரித்தவை 20 லட்சத்துக்கு மேல். ஃபெராரி ஆலை இருக்கும் மரனெல்லோவில் ஓராண்டு முழுக்க நடக்கும் வேலை, மாருதியின் வேகத்தில் பார்த்தால் மூன்று நாளைக்குக்கூட வராது. லம்போர்கினி 2017இல் 3,815 கார் விற்றது, 2024இல் 10,687 விற்றது. அதில் பாதிக்கு மேல் ஊருஸ் என்ற எஸ்யூவி. போர்ஷே 2024இல் கொடுத்த 3,10,718 வண்டிகளில் அதன் 911 ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் 50,941. பெருவாரி உற்பத்தி என்று சொல்லத்தக்கது இந்த மூன்றில் போர்ஷே ஒன்றுதான்.

எண்ணிக்கைதான் மவுசைக் கொல்கிறது என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது 911. அதன் பத்து லட்சமாவது கார் 2017 மே 11 அன்று சுஃபன்ஹவுசன் ஆலையிலிருந்து வெளியே வந்தது. இன்றும் அதன் பந்தயச் சாயல் கொண்ட ஜிடி3 வகைக்குக் காத்திருப்போர் வரிசை குறையவில்லை. ஃபெராரி எஃப்40ஐ 400 கார் அளவில்தான் செய்வதாக இருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்ததில் 1,311இல் போய் நின்றது. அந்த எஃப்40 இன்று ஏலத்துக்கு வந்தால் பல கோடிகளில் பேசுகிறார்கள். மறுபக்கம் ஜாகுவார் எக்ஸ்ஜே220ஐப் பாருங்கள். மொத்தம் முந்நூறுகூடச் செய்யவில்லை. 1988இல் காட்டியபோது வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று சொன்னார்கள். 50,000 பவுண்டு முன்பணம் கட்டியவர்களுக்குக் கடைசியில் கையில் வந்தது வி6 டர்போ, பின்சக்கர இயக்கம். பொருளாதாரமும் அப்போது படுத்திருந்தது. விவகாரம் வழக்குக்குப் போனது, கார் நெடுங்காலம் கட்டிய விலையில் பாதிக்குக்கூடப் போகவில்லை. அரிதாக இருந்தது அதைக் காப்பாற்றவில்லை.

அப்படியானால் எது கெடுக்கிறது? பெருவாரி உற்பத்தி முறை என்பது நிறையச் செய்வது மட்டும் இல்லை. ஒரே பாகத்தைப் பல கார்களில் போடுவது, எந்தப் பாகமும் எந்தக் காரிலும் அளவு பிசகாமல் உட்காருவது, ஒரு காருக்குச் செல்லும் கைவேலை நேரத்தைக் குறைப்பது, இத்தனையும் அதில் அடக்கம். இந்த முறையை ஓட்டுபவரின் கண்ணுக்கும் கைக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் வைத்தால் கார் மேம்படுகிறது. எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்தால் மவுசு அங்கேதான் கரைகிறது.

எட்டாத இடத்துக்கு முதலில் வருவோம். கையால் செய்த பழைய இத்தாலியக் கார்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பலர் அவற்றுக்கு ஒரு கதவு மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். அலுமினியத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்த காலத்தில் ஒரே காரின் இடது மட்கார்டும் வலது மட்கார்டும் அளவில் ஒத்துப்போகாது. ஒரு காரில் கழற்றிய கதவு இன்னொரு காரில் பொருந்தாது. வெட்டி, ஒட்டி, ராவித்தான் உட்கார வைக்க வேண்டும். இன்று மரனெல்லோவின் எஞ்சின் பிரிவில் சிலிண்டர் ஹெட்டுக்குள் வால்வு சீட் வளையங்களைப் பொருத்துவது இரண்டு ரோபோக்கள். வளையத்தைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்துச் சுருக்கி, ஹெட்டின் துளைக்குள் இறக்குகிறார்கள். அது அறை வெப்பத்துக்கு விரியும்போது ஹெட்டோடு இறுகிவிடுகிறது. அந்த ரோபோக்களுக்கு ரோமியோ, ஜூலியட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோபோ தொட்ட எஞ்சின் என்பதற்காக எந்த வாடிக்கையாளரும் புக்கிங்கை ரத்து செய்ததில்லை.

இன்னொன்று நம் ஊர் வாசகர்களுக்கு நெருக்கமானது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி இறக்கிய போர்ஷே 911 ஜிடி3 கப், தனிப் பட்டறையில் செதுக்கிய வண்டி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகைப் பந்தயக் கார்கள் சாதாரண 911 உருளும் அதே சுஃபன்ஹவுசன் அசெம்பிளி லைனில்தான் பூட்டப்படுகின்றன. முன்னால் ஒரு கரேரா, பின்னால் ஒரு டர்போ, நடுவில் பந்தயக் கார். இந்தத் தலைமுறை கப் கார் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 24 மணி நேரம் அடித்து ஓட்டியும் தாங்குகிறது என்றால், ஒவ்வொரு போல்ட்டும் ஒரே முறுக்கு அளவில் இறுக்கப்படுவதற்கு அதில் பங்குண்டு.

இப்போது எட்டும் இடம். இதற்கு, 1997இல் வந்த 911 தலைமுறையான போர்ஷே 996ஐ விடத் தெளிவான பாடம் கிடையாது.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே திவாலாகும் நிலையில் இருந்தது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடகிங், டொயோட்டாவில் பழகிய ஜப்பானிய ஆலோசகர்களை ஆலைக்குள் அழைத்து வந்தார். பாகங்களை அடுக்கிய அலமாரிகள் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நின்றன. தொழிலாளிகள் ஏணி போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் கையில் கொடுத்த வட்ட ரம்பத்தை வாங்கி, அலமாரிகளை 1.3 மீட்டருக்கு மேல் அறுத்துத் தள்ளினார் வீடகிங், அத்தனை பேர் பார்க்க. ஸ்டாக் குறைந்தது, நேரம் குறைந்தது. அதுவரை நல்லது.

அடுத்து, விலை குறைந்த பாக்ஸ்டரையும் புதிய 911ஐயும் ஒன்றாகத் திட்டமிட்டார்கள். 1996இல் பாக்ஸ்டர் வந்தது, 1997இல் 996 வந்தது. கதவுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றே. கதவும் ஒன்று, டாஷ்போர்டில் பெரும்பகுதியும் ஒன்று. முகவிளக்கு, இண்டிகேட்டர், பனிவிளக்கு மூன்றையும் ஒரே பெட்டியாக வார்த்துவிட்டார்கள். முன் டிக்கியின் கம்பளத்தில் இருக்கும் சிறு மூடியை எடுத்துவிட்டு, டூல்கிட்டில் வரும் ஸ்பானரை உள்ளே விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் முழு விளக்கும் முன்பக்கமாக உருவி வந்துவிடும். மெக்கானிக்குக்கு இதைவிட வசதி உண்டா? பல்பு மாற்ற ஐந்து நிமிடம். ஆனால் அதிக விலை கொடுத்து 911 வாங்கியவர், சிக்னலில் பின்னால் வந்து நிற்கும் பாக்ஸ்டரைக் கண்ணாடியில் பார்த்தால் தெரிவது தன் காரின் முகம். பொரித்த முட்டை விளக்கு என்று கேலிப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 2002 மாடலில் 911க்கு மட்டும் வேறு விளக்கு கொடுத்தார்கள், 2004இல் வந்த அடுத்த தலைமுறை 997இல் பழைய வட்ட விளக்குக்கே திரும்பிவிட்டார்கள். எங்கே வலித்தது என்பது நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது.

எஞ்சினுக்கு வருவோம். காற்றால் குளிரும் எஞ்சின் 1998இல் முந்தைய தலைமுறையான 993ஓடு முடிந்தது. சத்தம், புகை விதிகளுக்கு அது இனித் தாக்குப்பிடிக்காது என்பதால் நீரால் குளிரும் எம்96 வந்தது, அதில் தவறில்லை. சிக்கல் அதன் நடுத்தண்டில், மெக்கானிக்குகள் ஐஎம்எஸ் என்று சொல்லும் இன்டர்மீடியட் ஷாஃப்டில். கிராங்க்கிலிருந்து செயின் வழியே சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் இருபக்கக் கேம்ஷாஃப்ட்டுகளுக்கும் கடத்துவது அதன் வேலை. அதன் ஃபிளைவீல் பக்க முனையைத் தாங்குவதற்கு, இருபுறமும் அடைத்து கிரீஸ் நிரப்பிய சாதாரண பால் பேரிங்கைப் போட்டார்கள். எஞ்சின் ஆயில் எப்போதும் சுற்றி இருக்கும் இடம் அது. நாளாவட்டத்தில் அடைப்பு தளர்ந்து, சூடான ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆனால் பேரிங்கை நனைத்துப் பாதுகாக்கும் அளவுக்கு ஆயில் ஓட்டமும் கிடைப்பதில்லை. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயின் தாவும், வால்வு போய்ப் பிஸ்டனில் மோதும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

எல்லா எம்96க்கும் ஒரே ஆபத்து இல்லை. ஆரம்ப வருடங்களில் இரட்டை வரிசை பேரிங்; ஓரளவு தாங்கும். 2000 வாக்கில் தொடங்கி 2005 வரை ஒற்றை வரிசை, மோசமானது இதுதான். அமெரிக்காவில் நடந்து 2013இல் சமரசத்தில் முடிந்த கூட்டு வழக்கும் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றியது. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள், அது பரவாயில்லை. ஆனால் எஞ்சின் கேஸைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. கிளட்ச் மாற்றும்போது பேரிங்கின் வெளிப்பக்க அடைப்பை மட்டும் எடுத்துவிட்டால் ஆயில் உள்ளே போய்வரும், அவ்வளவுதான் செய்யலாம். 2009 மாடலிலிருந்து புது எஞ்சினில் இந்தத் தண்டே கிடையாது.

ஒரு 996 அல்லது பாக்ஸ்டர் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் அதன் தாளை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். மினுக்கும் துணுக்கைக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பழுப்பு நிற பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் அது செயின் கைடு தேய்வது. கணினியை மாட்டிக் கேம்ஷாஃப்ட் விலகலைப் படியுங்கள். ஆறு டிகிரிக்குள், ஆடாமல் நிற்க வேண்டும். பேரிங்கை மாற்றக் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் இறங்க வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும் நாளிலேயே இதையும், பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்துச் செய்வதுதான் சிக்கனம். செயின் டென்ஷனரைத் தளர்த்துவதற்கு முன் கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் கருவி போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதை விட்டால் டைமிங் தாவிவிடும், காப்பாற்ற வந்த வேலையே எஞ்சினைக் கொல்லும். ஃபில்டரில் ஏற்கெனவே எஃகுத் தூள் இருந்தால் புதுப் பேரிங் போட்டுப் பயனில்லை, தூள் எஞ்சின் முழுக்கப் போயிருக்கும். இன்னொரு விஷயம், மூடி போட்டு நிறுத்தி வைத்து ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் நல்ல கார் என்று எண்ண வேண்டாம். ஓடாமல் நின்ற எம்96தான் அதிகம் படுக்கிறது. ஆயிலை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, அடிக்கடி சூடாக்கி ஓட்டியதுதான் நல்லது.

இதே 996 உடம்பில் ஜிடி3, ஜிடி2, டர்போ மூன்றுக்கும் மட்டும் போர்ஷேயின் எஞ்சின் வடிவமைப்பாளர் ஹன்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த பழைய கட்டமைப்பு எஞ்சினைப் போட்டார்கள். ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப் கொண்டது, இந்தப் பேரிங் தொல்லை இல்லாதது. அதற்கும் ஒரு குறை உண்டு: கூலன்ட் குழாய் இணைப்புகளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், பழசானால் திடீரென்று பிடுங்கிக்கொண்டு மொத்தக் கூலன்ட்டும் ரோட்டில் கொட்டும். எஞ்சின் இறங்கும் நாளில் அந்த இணைப்புகளை வெல்டிங் செய்துவிடலாம். இருந்தும் இன்று விலையைக் கேட்டால் சாதாரண 996 ஒருபக்கம், ஜிடி3 வேறொரு உயரம். அதே ஆலை, அதே ஆண்டு, அதே கதவு. வேறுபாடு எங்கே என்பதை வாங்குகிறவர்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: பாக்ஸ்டரும் 996உம் மிச்சப்படுத்திய காசு இல்லாமல் போயிருந்தால் அந்த ஜிடி3 செய்ய ஒரு போர்ஷே மிஞ்சியிருக்காது.

பாகங்களைப் பகிர்வது பெரிய உற்பத்தியாளரின் பழக்கம் என்று கட்டுரையில் இருந்தது. நடைமுறை பெரும்பாலும் நேர் எதிர். ஒரு முகவிளக்குக்கு அச்சு செய்து, விதிகளின்படி சோதித்துச் சான்று வாங்கும் செலவு நூறு கார் செய்தாலும் லட்சம் கார் செய்தாலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே குறைவாகச் செய்கிறவர்தான் கடை கடையாய் ஏறிப் பாகம் பொறுக்குகிறார். மொத்தமே 106 செய்த மெக்லாரன் எஃப்1இன் பின்விளக்கு ஒரு பேருந்துக்குச் செய்தது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7இன் பின்விளக்கு மாஸ்டா 323இலிருந்து வந்தது. லம்போர்கினி டியாப்லோவுக்கு 1999இல் மாட்டிய முகவிளக்கு நிஸான் 300இசட்எக்ஸ் உடையது. இவற்றால் எஃப்1க்கு ஒரு குறையும் வரவில்லை, காரணம் அதன் மூன்று இருக்கையும் பிஎம்டபிள்யூ வி12உம் வேறெங்கும் கிடைக்காது.

லம்போர்கினி கயார்டோவும் அப்படித்தான். ஆடி நிறுவனம் 1998இல் வாங்கிய பிறகு பிறந்த கார்; 2003 முதல் 2013 வரை 14,022 செய்தார்கள். அதற்குமுன் ஆண்டுக்குச் சில நூறு கார் செய்துகொண்டிருந்த கம்பெனி. அதற்கு அடுத்து வந்த ஹுராகானின் வி10 எஞ்சின் ஹங்கேரியின் ஜ்யோர் ஆலையில், ஆடி ஆர்8க்கான எஞ்சினோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. ஹுராகான், ஆர்8 இரண்டும் விரும்பப்பட்டன, ஏனென்றால் பகிர்ந்த பொருளே அருமையானது. கயார்டோவில் மனம் சுளிக்கிற இடம் வேறு: ஏசி பலகையும் சுவிட்சுகளும் ஆடி செடானில் பார்த்தவை. விரல் தினம் தொடும் இடம் அது.

தொடும் இடம் என்றதும் ஃபெராரியில் வரும் ஒட்டும் பட்டன்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 355, 360, 430 காலத்துக் கார்களில் பிளாஸ்டிக் பட்டன்களுக்கும் ஏசி குமிழ்களுக்கும் மேல் ரப்பர் போன்ற மென்பூச்சு கொடுத்திருப்பார்கள். ஷோரூமில் தொடும்போது தோல் போல இருக்கும். வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் சில ஆண்டுகளில் பூச்சு சிதைந்து பிசினாகிவிடும்; சென்னை மாதிரி கடற்கரை ஊரில் இன்னும் சீக்கிரம். கோடிக்கணக்கில் போட்டு வாங்கிய காரில் ஜன்னல் இறக்கினால் விரல் கறுத்து ஒட்டுகிறது. சரிசெய்வது கஷ்டமில்லை. பட்டனைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு வந்துவிடும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகக் கூடாது, அடியில் உள்ள பிளாஸ்டிக்கே கரையும். படக்குறி மேலாக அச்சடித்ததா என்று முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். அச்சடித்ததாக இருந்தால் பூச்சோடு குறியும் போகும். சுத்தம் செய்தபின் மங்கல் கறுப்பு பெயின்ட் அடித்தால் போதும், மறுபடி மென்பூச்சு வேண்டாம்.

இனி வேகம். கார்கள் வேகமாக இருப்பதுதான் மவுசு என்றால் பெருவாரி உற்பத்தி அதை ஏற்கெனவே முடித்துவிட்டது. 2020இல் ஷெவர்லே கொர்வெட் எஞ்சினை நடுவில் வைத்து, 60,000 டாலருக்குள் தொடக்க விலை போட்டு வந்தது. மணிக்கு 60 மைலை மூன்று விநாடிக்குள் எட்டும். மின்சார செடான்கள் அதையும் மிஞ்சுகின்றன. வேகம் மலிந்தபின் பணம் படைத்தவர்கள் மலியாத ஒன்றைத் தேடிப் போகிறார்கள், அது பெரும்பாலும் மேனுவல் கியர். ஃபெராரியில் கியர் லீவர் நகர்வது வெட்டுத்தடம் கொண்ட பளபளப்பான உலோகத் தகட்டுக்குள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவர் தகட்டில் தட்டுகிற சத்தத்துக்காகவே கார் வாங்குகிறவர்கள் உண்டு. 1997இல் 355இல், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்து மாற்றும் துடுப்பு கியர் வந்தது, 2012 வாக்கில் மேனுவல் முற்றிலும் நின்றது. 599 ஜிடிபியில் மேனுவல் வெறும் 30. அன்று பழைய பாணி என்று ஒதுக்கிய அந்தக் கார்களுக்கு இன்று அதே மாடலின் துடுப்பு கியர் காரைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள்.

அதனால் துடுப்பு காரை மேனுவலாக மாற்றி விற்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. மாற்றிய காரை மாற்றியது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பிறவி மேனுவல் என்று விலை சொன்னால் ஆலைப் பதிவைக் கேளுங்கள், ஹைட்ராலிக் பம்ப் இருந்த இடத்தில் பிராக்கெட் துளைகளும் ஒயரிங் சாக்கெட்டும் அநாதையாகத் தொங்குகிறதா என்று படுத்துப் பாருங்கள். துடுப்பு காரையே வாங்குவதானால் கணினியில் கிளட்ச் தேய்மானத்தின் விழுக்காட்டை எடுங்கள். அந்தப் பம்பை இயக்கும் ரிலேவைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடி எரிந்துபோகும், ரிலே சில்லறைக் காசு, பம்ப் அப்படியில்லை.

இன்னொரு வேடிக்கை. 355க்கு டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சப்ஃபிரேம் அத்தனையையும் கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையைத் திறந்தே பெல்ட்டை எட்டலாம். எஃப்430இல் பெல்ட்டே கிடையாது, செயின். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நல்ல கார், பராமரிக்க எளிது. ஆனாலும் 355ஐப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களே அதிகம். வசதியும் ஆசையும் ஒரே வண்டியில் எப்போதும் ஏறுவதில்லை.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகச் செய் என்பது என்ஸோ ஃபெராரி பெயரில் வழங்கும் சொல். எஃப்50 செய்தது 349. என்ஸோ மாடலுக்கு அறிவித்தது 399, லாஃபெராரிக்கு 499, டேடோனா எஸ்பி3க்கு 599, எஃப்80க்கு 799. கடைசி இலக்கம் எப்போதும் ஒன்பது என்பதைக் கவனியுங்கள். அப்போது ஃபெராரியின் தலைவராக இருந்த லூகா டி மான்டிசெமோலோ 2013இல் வேண்டுமென்றே விநியோகத்தை 7,318இலிருந்து 6,922ஆகக் குறைத்தார், லாபம் கூடியது. அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டுப் போனார், பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஆனால் இன்று காரின் விலைக்குமேல் தனிநிறம், தனித்தையல், கார்பன் பாகம் என்று வாடிக்கையாளர் சேர்த்துக்கொள்வதே கார், உதிரிபாக வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. லைனில் ஒன்றுபோல ஓடும் காரை வேறுபடுத்திக் காட்டவே இவ்வளவு செலவழிக்கிறார்கள்.

வரம்பு அறிவித்தால் மட்டும் விலை நிற்கும் என்பதும் இல்லை. போர்ஷே 2016இல் 911 ஆர் என்று 991 கார் செய்தது: ஜிடி3 ஆர்எஸ்ஸின் எஞ்சின், மேனுவல் கியர், பின் இறக்கை இல்லை. கைமாறிய விலை பட்டியல் விலையைப் போல் சில மடங்கு ஏறியது. மறு ஆண்டே ஜிடி3இல் மேனுவலும், இறக்கை இல்லாத டூரிங் வகையும் வரம்பில்லாமல் தந்தார்கள். 911 ஆர் அப்போதும் 991தான், ஒன்றுகூடக் கூடவில்லை. விலை மட்டும் இறங்கியது. மவுசு இருந்தது 991 என்ற எண்ணில் இல்லை, அந்தச் சேர்க்கை வேறெங்கும் கிடைக்காது என்பதில். ஃபெராரி எஸ்எஃப்90 வரம்பில்லாமல் வந்தது, சிக்கலான ஹைப்ரிட். செகண்ட் ஹேண்டில் பட்டியல் விலைக்குக் கீழே போய்விட்டது. அதற்கு எண்ணிக்கையைக் காட்டிலும் பேட்டரி வாரண்டி முடிந்தபின் என்ன ஆகும் என்ற பயமே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஊருஸ் வந்ததால் லம்போர்கினி பெயர் கெட்டது என்ற வாதத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. ஆடி க்யூ8, போர்ஷே கயென் வண்டிகளின் அடித்தளம்தான் அது, எஞ்சினும் அதே குடும்பம். ஆனால் அதன் ஸ்டியரிங்கோ சுவிட்சோ சத்தமோ லம்போர்கினியின் வி12 ஸ்போர்ட்ஸ் கார் ரெவுயெல்டோவுக்குள் நுழையவில்லை. காசு மட்டும் நுழைந்திருக்கிறது. நாளை மலிவான வண்டியின் திரையைத் தூக்கி ரெவுயெல்டோவில் ஒட்டினார்கள் என்றால் அன்றைக்குக் கட்டுரையாளரோடு சேர்ந்து நாங்களும் எழுதுகிறோம்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. அதில் சொன்னதுபோல் புரோசாங்வே ஃபெராரியின் முதல் நான்கு இருக்கை கார் இல்லை. 1960இலேயே 250 ஜிடி 2+2 வந்துவிட்டது, அதன்பின் வரிசையாகப் பல வந்தன. புரோசாங்வே அந்த நிறுவனத்தின் முதல் நான்கு கதவு உற்பத்திக் கார். மொத்த உற்பத்தியில் அதன் பங்கை ஐந்தில் ஒன்றுக்குள் நிறுத்துவதாகவும் நிறுவனம் சொல்லியிருக்கிறது. அடுத்த வாரப் பக்கத்தில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இறக்குமதி கார் மெக்கானிக்குகள் சிலர்,
கோயம்புத்தூர்.